லயத்து வாசற் செவ்வரத்தை

(இறம்பொடையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது ஏ-5 பாதை. எந்தப் பூச்செடி எங்கே வளரும் என்று அறிய விரும்புகிறவர் இந்தப் பாதையில் ஓடும் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பேராதனை கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீற்றர் உயரம். இறம்பொடை நீர்வீழ்ச்சிப் பக்கம் ஏறத்தாழ 945 மீற்றர். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். கீழே வேலிக்கு வேலி செவ்வரத்தையும் குரோட்டனும். இறம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போகப்போக அவை குறைந்து, ஹைட்ரேஞ்சியாவின் உருண்டைப் பூங்கொத்துகள் பாதையோரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நுவரெலியாவை நெருங்கும்போது செவ்வரத்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் இறங்கும். இறம்பொடைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தொள்ளாயிரம் மீற்றர் வேறுபாடு. ஆகவே ஒரே நாளில், ஒரே நேரத்தில், மேலே ஆறு பாகை கூடுதல் குளிர். தேயிலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 600 முதல் 1,200 மீற்றர் வரை நடுமலைத் தேயிலை, அதற்கு மேலே உயர்மலைத் தேயிலை. ஏல விற்பனையில் விலையே அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பேசப்படுகிறது. பூச்செடிக்கும் இதே கணக்கு உண்டு என்பதை நூற்றாண்டுக்கு முன்னரே எழுதி வைத்தவர் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய எச். எஃப். மக்மிலன். 1910இல் முதலில் வெளிவந்த அவருடைய தோட்டக்கலைக் கைநூல், வெப்ப நாடுகளில் செடி வளர்ப்போர் இன்றும் புரட்டும் நூல். தாழ்நிலத்துக்கு எது, நடுமலைக்கு எது, உயர்மலைக்கு எது என்று உயரம் பார்த்துச் செடிகளை அவர் பிரித்துக் கொடுத்தார்.

அந்தப் பிரிவில் இறம்பொடை நிற்பது நடுவில். இது ஒரு கொடை என்றே சொல்ல வேண்டும். கீழ்நாட்டுச் செடிகள் பலவும் இங்கே பிழைக்கும். மேல்நாட்டுச் செடிகள் சிலவும் இங்கே பூக்கும். ஆனால் எதை வைத்தாலும் வரும் என்று பொருளில்லை. எதை வைக்கலாம், எப்படி வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்ற மூன்றும்தான் இன்றைய பேச்சு. அதில் பெரும்பங்கு செவ்வரத்தைக்கு. மலையகத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரே ஒரு பூஞ்செடிக்குத்தான் இடமிருக்கிறது என்றால், அது செவ்வரத்தையாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பேச்சின் துணிபு. காரணங்கள் பின்னால் வரும்.

முதலில் மேலே இருப்பவற்றைப் பார்த்துவிடலாம். நுவரெலியாப் பக்கத்துப் பூந்தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சீதா எலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கல பூங்கா 1861இல் பூவுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா மரத்தை, அதாவது சிங்கோனாவை, வளர்த்துப் பார்க்கத்தான் அந்த இடம் திருத்தப்பட்டது. சிங்கோனாவின் காலம் முடிந்து தேயிலை மலைகளை மூடிய பிறகு, அங்கே பொறுப்பிலிருந்த வில்லியம் நொக்கின் காலத்தில் அது மெல்லப் பூந்தோட்டமாக உருமாறியது. நுவரெலியா நகரின் விக்டோரியா பூங்கா 1897இல் இங்கிலாந்து மகாராணியின் வைர விழாவை ஒட்டி அந்தப் பெயரைப் பெற்றது. இவற்றிலும் தோட்டத் துரைமாரின் பங்களா முற்றங்களிலும் குளிர்நாட்டுப் பூக்கள் நிறைந்தன. ரோஜா, டேலியா, ஃபூஷியா, ஹைட்ரேஞ்சியா.

அந்தப் பங்களாத் தோட்டங்களைக் கொத்தி, கவ்வாத்து வெட்டி, எரு போட்டு வளர்த்த கைகள் யாருடையவை? லயத்திலிருந்து போன தோட்டக்காரர்களுடையவை. பதியன் போடுவதும் ஒட்டுக் கட்டுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை. மலையகத்தில் பூ வளர்ப்புக் கலையை எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள், செய்தவர்கள் தமிழர்கள். தோட்ட வரலாறு எழுதுவோர் இந்த இரண்டாவது பகுதியைப் போதிய அளவு எழுதவில்லை. எழுத வேண்டும்.

ஹைட்ரேஞ்சியாவைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் நகர முடியாது. ஜப்பானைச் சேர்ந்த இந்தச் செடி நுவரெலியாப் பக்கம் பெரும்பாலும் நீலமாகப் பூக்கிறது. அதே செடியைச் சுண்ணாம்புத் தன்மை உள்ள மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். பூவுக்குள் இருக்கும் நிறமி இரண்டு இடத்திலும் ஒன்றே. மண்ணின் பீ.எச். அளவு ஐந்தரைக்குக் கீழே இருந்தால், மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறிப் பூவின் நிறமியோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கைதான் நீலம். மண் அமிலத்தன்மை குறைந்திருந்தால் அலுமினியம் கரையாமல் மண்ணோடு பிடிபட்டுக் கிடக்கும். பூ சிவப்புப் பக்கம் சாயும். வெள்ளை இனங்கள் மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளைதான்.

தேயிலைக்கு உகந்த மண்ணின் பீ.எச். அளவு நாலரை முதல் ஐந்தரை வரை. அதாவது தேயிலை செழிக்கும் மண்ணும் ஹைட்ரேஞ்சியா நீலமாகும் மண்ணும் ஒன்றே. தேயிலைச் செடியும் அலுமினியத்தை உறிஞ்சித் தன் முற்றிய இலைகளில் சேர்த்து வைக்கும் செடிதான்; கொழுந்தில் அது மிகக் குறைவு. இந்த மலையின் மற்றொரு பூஞ்செடியும் அப்படியே. தேயிலை மலையின் ஓரங்களிலும் பாதைக்காக வெட்டிய மண் சுவர்களிலும் தானாக முளைத்து, ஊதா நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ பூக்கும் புதர்ச் செடியைச் சிங்கள மக்கள் மகா போவிட்டியா என்பார்கள். அதன் கனியைத் தின்ற பிள்ளைகளின் நாக்கு கறுத்துப்போகும். அதுவும் அமில மண்ணை விரும்பி அலுமினியத்தைச் சேர்த்து வைக்கும் செடி. யாரும் விலை கொடுத்து வாங்காத, யாரும் நட்டு வளர்க்காத இந்த மண்ணுக்குரிய செடி அது. ஒரு நாற்றுப் பண்ணையிலும் அதற்கு இடம் கிடைக்காதது வருத்தத்துக்குரியது. உரமும் வேண்டாம், மண் திருத்தமும் வேண்டாம். வீட்டுக்குப் பின்புறத்து மண் மேட்டில் வைக்க இதைவிடப் பொருத்தமான பூஞ்செடி வேறில்லை.

இனி செவ்வரத்தை.

பிள்ளையாருக்கும் மாரியம்மனுக்கும் காளிக்கும் சாத்தும் பூ. இலையையும் பூவையும் அரைத்துத் தலையில் தேய்க்கும் வழக்கம் பாட்டிமாரிடமிருந்து வந்தது. மலேசியா 1960இல் இதைத் தன் தேசிய மலராக ஏற்றுக்கொண்டது. அங்கே ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வாசல்களிலும் இதே பூதான். லின்னேயஸ் 1753இல் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது சீனாவை அதன் பெயரில் சேர்த்தார். ஆனால் காட்டில் தானாக வளர்ந்து நிற்கும் செவ்வரத்தையை எந்த நாட்டிலும் எவரும் கண்டதில்லை. மனிதர் கைக்குக் கை மாறியே ஆசியாவெங்கும் தீவுகளெங்கும் பரவிய செடி இது. மொரீஷியஸில் சார்ல்ஸ் டெல்ஃபெயர் என்பவர் 1820களில் வேறு இனங்களோடு இதைக் கலந்து புதிய வகைகளை உண்டாக்கினார். ஹவாய், புளோரிடா, அவுஸ்திரேலியா என்று அந்த ஆர்வம் பரவி, இன்று ஆயிரக்கணக்கான கலப்பினங்கள் உள்ளன. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் பல வகைகளை உருவாக்கியிருக்கிறது.

கலப்பினங்களின் பூ கையளவு அகலம். நிறங்களோ மஞ்சள், செம்மஞ்சள், ஊதா கலந்தவை. கண்ணைப் பறிக்கும், உண்மை. ஆனால் அவற்றில் பலவற்றின் வேர் வலுவில்லாதது. மழை கொட்டும் இறம்பொடை மண்ணில் அவை சொந்த வேரில் நின்று பிடிப்பது கடினம். அவற்றை விரும்புகிறவர்கள் பழைய சிவப்புச் செவ்வரத்தையின் தண்டில் ஒட்டுக் கட்டி வளர்க்க வேண்டும். முதன்முதலாக வளர்க்கிறவர் அந்தப் பழைய சிவப்பையே வைத்துத் தொடங்கட்டும். ஐந்திதழ் ஒற்றைப் பூவோ அடுக்குப் பூவோ, எதுவாயினும் சரி. நூறாண்டு மழையைத் தாங்கிய வகை அது.

வெப்ப நாட்டுச் செடி ஆகையால், வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கினால் செவ்வரத்தையின் வளர்ச்சி நின்றுபோகும். உறைபனி பட்டால் தளிர்கள் கருகும். தை, மாசியில் நுவரெலியாவில் விடியற்காலை தரையில் பனி உறைந்து தேயிலைக் கொழுந்தே கருகுவதுண்டு. அங்கே செவ்வரத்தை ஏன் தயங்குகிறது என்பதற்கு அதுவே விடை. இறம்பொடையில் இரவு குளிரும், உறையாது. அந்தக் குளிரினால் ஒரு நன்மையும் உண்டு. பூவின் நிறம் அடர்ந்து வரும். வாடுவதற்கும் நேரம் எடுக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் மதியத்துக்கு மேல் துவளும் பூ இங்கே அந்திவரை நிமிர்ந்து நிற்கும். பதிலுக்குச் செடியின் வளர்ச்சி சற்று மெதுவாக இருக்கும், பூவின் எண்ணிக்கையும் குறையும்.

வெயில் வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் தேவை. மூடுபனி அடிக்கடி இறங்கும் மலையில் இந்த ஆறு மணி நேரம் எளிதில் கிடைக்காது. ஆகவே காலை வெயில் முதலில் விழும் கிழக்கு வாசலே சிறந்தது. சவுக்கு, யூக்கலிப்டஸ் நிழலில் வைத்தால் இலை மட்டும் பளபளக்கும், பூ வராது.

அடுத்தது மண். தேயிலைக்கு ஏற்ற அமில மண் செவ்வரத்தைக்குச் சற்றுக் கடுமையானது. பீ.எச். அளவு ஆறை ஒட்டியிருப்பதையே அது விரும்பும். பல்லாண்டாக அமோனியா உரம் கண்ட தோட்ட மண்ணில், கனமழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போன மண்ணில், செவ்வரத்தையின் இலை மஞ்சளாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மருந்து தேடி ஊருக்கு ஓட வேண்டாம். கவ்வாத்துக்குப் பின் தேயிலை மலைக்குத் தூவும் டொலமைட் இரண்டு பிடி போதும். அதுவும் இல்லையென்றால் அடுப்புச் சாம்பல். மிலாறு, அதாவது கவ்வாத்தில் விழும் தேயிலைக் குச்சி, எரித்த சாம்பலில் பொற்றாசியம் இருக்கிறது. மண்ணின் அமிலத்தையும் அது குறைக்கும். செவ்வரத்தை பூப்பதற்கு மிக விரும்பும் சத்து பொற்றாசியம். ஆக ஒரே பொருளில் இரண்டு வேலை முடிகிறது. குளிர்ந்த சாம்பலாக, செடியின் தண்டைத் தொடாமல், மாதத்துக்கு ஒரு பிடி. அதே சாம்பலை ஹைட்ரேஞ்சியாவுக்குப் போட்டால் நீலம் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேயிலைக்கு வரும் உரக் கலவையில் மிஞ்சியதைச் செவ்வரத்தைக்குக் கொட்டுவது பலர் செய்வது. அது பயன் தராது. தேயிலை இலைக்காக வளர்க்கப்படும் செடி. அதன் உரத்தில் நைதரசன் மேலோங்கி இருக்கும். செவ்வரத்தைக்கு அதைப் போட்டால் அதுவும் தேயிலையாகிவிடப் பார்க்கும்: தழை பெருகும், மொட்டு குறையும்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். வெட்டிய மண்ணில் மக்கிய சாணமும் இலைக் குப்பையும் சரிபாதி கலந்து நிரப்ப வேண்டும். வேலியாக வைப்பதானால் செடிக்குச் செடி இரண்டரை அடி. நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால், சரிவில் குழியின் கீழ்ப்புறம் நீர் வடிய வழி விட வேண்டும். ஆனால் மழைநீர் ஓடும் கானை மறித்துக் குழி வெட்டுவது ஒருபோதும் கூடாது. மலையில் கான் அடைபட்டால் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அது எந்த வீட்டுச் சுவர் வழியாகவும் இருக்கலாம்.

இப்போது கவ்வாத்து. இந்த இடத்தில் தோட்டத்து மக்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்பிக்கத் தேவையில்லை. செவ்வரத்தை புதுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை நீண்டுகொண்டே போனால் பூ மேலே மேலே போய், கீழே வெறுங்கம்பாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, மாசி மாதத்து வறட்சி முடியும் தறுவாயில், கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டு மிஞ்சும்படி வெட்ட வேண்டும். வீட்டில் பூசைக்குப் பூ தொடர்ந்து வேண்டுமென்றால் செடி முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒரு பக்கத்தை இந்த மாதம், மறுபக்கத்தை அடுத்த மாதம் என்று பிரிக்கலாம்.

ஹைட்ரேஞ்சியாவுக்கு இந்தக் கத்தி ஆகாது. உருண்டைப் பூ வகைகள் சென்ற ஆண்டுக் கிளையில்தான் பூக்கும். பூத்து முடிந்தவுடன் வெட்டினால் சரி. காலம் தாழ்த்தி வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்து வெட்டியதாகும். இரண்டு செடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, இரண்டையும் ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டு, ஒன்று ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

செவ்வரத்தையைப் பெருக்கும் முறைக்கும் தோட்டத்திலேயே பயிற்சி இருக்கிறது. தாய்ச் செடியின் தண்டை வெட்டி, ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை மண் நிரப்பிய பையில் ஊன்றி, நிழலும் ஈரமும் கொடுத்து வேர்விடச் செய்யும் வேலையைத் தேயிலை நாற்று வளர்க்கும் தவறணைகளில் பெண்கள் நாள்தோறும் செய்கிறார்கள். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, இப்படித் துண்டு ஊன்றிப் பெருக்கும் வீ.பி. தேயிலை இலங்கை மலைகளில் பரவியது அவர்களுடைய விரல்களின் நுட்பத்தால்தான். செவ்வரத்தைக்கு அவ்வளவு கவனம்கூட வேண்டாம். பென்சில் பருமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டை ஐந்தாறு அங்குலம் வெட்ட வேண்டும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டை மட்டும் பாதியாக நறுக்கி விட வேண்டும். மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு மறையும்படி ஊன்றி, மேலே பொலித்தீன் மூடினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும்.

பூவைப் பற்றி இன்னொன்று. இறம்பொடை வளைவுகளில் பூங்கொத்தோடு நின்று, வாகனம் ஒரு வளைவைச் சுற்றி வருவதற்குள் குறுக்குச் சரிவில் இறங்கி ஓடி அடுத்த வளைவில் மறுபடி எதிரே வந்து நிற்கும் பையன்களை இந்தப் பாதையில் போனவர்கள் எல்லோரும் அறிவார்கள். அவர்கள் கையில் செவ்வரத்தை இருப்பதில்லை. காலையில் விரிந்து மாலையில் சுருங்கும் பூவை யார் வாங்குவார்? சந்தைக்குப் போகாத பூ என்பதாலேயே அது வீட்டோடும் கோயிலோடும் நின்றது. வெவண்டன் மலைமேல் சின்மயா மிஷன் அமைத்த அனுமன் கோயிலுக்குப் போகிறவர் கடையில் மாலை வாங்கலாம். தோட்டத்து மாரியம்மனுக்கு வாசற்செடியிலிருந்து விடியற்காலை பறித்த நாலு செவ்வரத்தை போதும். விலை இல்லாத பூ வறிய வீட்டுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அந்த வீட்டுப் பெண்கள் அறிவார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். சிவப்புச் செவ்வரத்தை இதழை வெந்நீரில் ஊறவைத்த சாற்றில் தேசிக்காய்ச் சாறு விட்டால் பளிச்சென்ற சிவப்பாகும். சவர்க்கார நீர் விட்டால் பச்சையாகும். ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலையில் அமிலமும் காரமும் பற்றிய பாடத்தை இதை வைத்தே நடத்திவிடலாம்.

வேறு வண்ணச் செடிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போகன்வில்லா வறட்சியில்தான் நிறம் காட்டும். நீர் மிகுந்தால் இலையாகவே ஓடும். திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் அது சுவரை மறைத்துப் பூப்பதற்கும் இங்கே முள்ளும் இலையுமாக நிற்பதற்கும் அதுவே காரணம். கூரை இறக்கத்தின் கீழே, மழை நேரே விழாத இடத்தில், தொட்டியில் வைத்தால் ஓரளவு பூக்கும். மெக்சிகோவிலிருந்து வந்த பொயின்செட்டியா நடுமலைக்கு மிக நன்றாக ஒத்துப்போகும். இரவு நீளும் மார்கழியில் அதன் மேல் இலைகள் சிவக்கும். மின்விளக்கின் கீழே வைத்தால் அது இரவை உணராது, சிவக்காது. அவ்வளவு போதும்.

வைக்கவே கூடாதவற்றைச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் இந்த மலையைக் கெடுத்த செடிகளிற் சில பூவின் பெயரால்தான் வந்தன.

ஒரே கொத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் நாயுண்ணிச் செடி அமெரிக்க வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது. 1826இல் பேராதனைப் பூங்காவின் வழியாக அலங்காரச் செடியாக இலங்கைக்குள் வந்தது. இந்தியாவுக்குக் கல்கத்தாப் பூங்கா வழியாக அதற்கும் முன்னரே வந்துவிட்டது. அதன் கரிய கனியைக் குருவிகள் தின்று விதையை எங்கும் போட்டன. இன்று அது வேலியோரத்திலும் கைவிட்ட தேயிலை மலையிலும் காட்டோரத்திலும் புதர் புதராக நிற்கிறது. தன் நிழலில் மற்றச் செடியை முளைக்க விடாது. அதன் இலையைத் தின்னும் மாட்டுக்கு ஈரல் பழுதாகி, வெயில் பட்ட தோல் புண்ணாகி உரியும். தோட்டத்தில் ஒரு பசு வைத்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமா? குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர் நினைவுக்காகக் கொண்டுவந்த மஞ்சட் பூ முட்செடியான கோர்ஸ் இதேபோல் ஹோட்டன் சமவெளியின் புல்வெளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே சமவெளியில் அந்த மண்ணுக்கே உரிய செந்நிற ரொடொடென்ரன் முறுக்கேறிய கிளைகளோடு நிற்கிறது. இருந்ததைப் போற்றாமல், வந்ததை நட்டதன் விளைவு அங்கே பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது.

நாயுண்ணியின் கதை கடலுக்கு அப்பாலும் மலையக மக்களைத் தொடர்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறித் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலை பார்த்தார்கள். அந்தக் கூடலூர்க் காடுகளையும் நாயுண்ணி விழுங்கியிருந்தது. அங்கே பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகங்களைச் சேர்ந்த கைவினைஞர்கள் அந்தப் புதரை வெட்டி, தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து வளைத்து, உயிர் யானையின் அளவிலேயே யானை உருவங்களைச் செய்யத் தொடங்கினார்கள். அந்த யானைக் கூட்டம் 2021இல் இலண்டன் பூங்காக்களில் நிறுத்தப்பட்டு உலகம் பார்த்தது. காட்டை அழித்த செடி காட்டு மக்களுக்குக் கூலியாயிற்று. மெச்சத்தக்க முயற்சிதான். ஆனாலும் வெட்டிய இடத்தில் அது மறுபடி துளிர்க்கிறது. இருநூறாண்டுக்கு முன் ஒரு பூங்காவில் ஊன்றியதை இன்றுவரை பிடுங்கி முடியவில்லை.

செவ்வரத்தையை இவ்வளவு உறுதியாகப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். பழைய சிவப்புச் செவ்வரத்தை பெரும்பாலும் விதை வைப்பதில்லை. வைத்த இடத்திலேயே நிற்கும். குருவி தின்று பரப்பக் கனியில்லை. ஒருவர் கம்பு வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்தாலொழிய அடுத்த லயத்துக்கு அது போகாது. அதன் இலையை ஆடு விரும்பித் தின்னும், தின்றால் கேடில்லை. கன்று சிறிதாக இருக்கும்வரை ஆட்டிடமிருந்து காப்பதுதான் வேலை. அழகுக்காக வைக்கும் செடிக்கு இதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை.

அதற்கும் பகை இல்லாமலில்லை. 2008இல் இலங்கையில் பப்பாசி மாப்பூச்சி பரவியபோது பப்பாசியோடு அரலியா, மரவள்ளி, செவ்வரத்தை எல்லாமே வெள்ளைப் பஞ்சு பூசியதுபோல ஆயின. அதே ஆண்டில் கோயம்புத்தூரிலும் அது தலைகாட்டியது. மருந்தடித்து ஓயாத அந்தப் பூச்சியை அடக்கியது புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து 2009இல் இங்கே விடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. மாப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி அது. கடும் நச்சு மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஆகவே வாசற்செடியில் வெள்ளை கண்டால் அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு, மற்றவற்றுக்குச் சவர்க்கார நீர் அடித்தால் போதும். செடியில் எறும்பு ஏறி இறங்கினால் மாப்பூச்சி இருக்கிறதா என்று இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

இதெல்லாம் இப்போது பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. லயத்து வாசல் நெடுங்காலம் லயத்தில் இருந்தவருடையதாக இல்லை. இன்று வைத்த செடியை நாளை தோட்ட நிர்வாகம் பிடுங்கச் சொன்னால் பிடுங்க வேண்டியதுதான். தனி வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற ஏற்பாடு வந்த பிறகு சில ஆயிரம் குடும்பங்களுக்கு அந்த நிலை மாறியிருக்கிறது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. இந்திய உதவி வீட்டின் அளவு 550 சதுர அடி. மீதியில் மாட்டுக் கொட்டில், மரக்கறிப் பாத்தி, நடைபாதை எல்லாம் போக, முன்புறத்தில் நாலைந்து செவ்வரத்தைக்கும் பின்புறத்து மண் மேட்டில் போவிட்டியாவுக்கும் தாராளமாக இடமுண்டு. இன்னும் லயத்திலேயே இருப்பவர்கள்தான் அதிகம். காணி உரிமை அவர்களுக்கும் வந்து சேர வேண்டும்; அதுவரை ஒரு தகர டின்னில் வைத்தாலும் செவ்வரத்தை பூக்கும், அடியில் துளை இருந்தால்.

மாசியில் கவ்வாத்து வெட்டும்போது ஒரு பழைய செடியிலிருந்தே பத்திருபது கம்பு கிடைக்கும். அவற்றை மிலாற்றோடு சேர்த்து அடுப்பில் வைத்துவிடாமல் அன்றைக்கே பைகளில் ஊன்ற வேண்டும். சித்திரை மழைக்கு வேர் பிடித்துவிடும். வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன் கன்றுகள் நிலத்தில் இறங்கிவிட வேண்டும். இறம்பொடைக் காற்று கன்றை அசைத்தால் புது வேர் அறுந்துபோகும். பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, வாழைநாரால் தளரக் கட்டிவிட வேண்டும்.